சந்தனத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறமும் இல்லை

யாராவது ஒரு நிறத்தைக் கொடுத்தால், வலைப்பக்கங்களை வடிவமைக்கிற டெயில்விண்ட் கருவியின் ஆயத்த நிறப் பட்டியலில், அதாவது பேலட்டில், அதற்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார் என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம். நான் இதற்கு எதிரி இல்லை. ஆளாளுக்குத் தோன்றிய நிற எண்ணை (ஹெக்ஸ் கோட்) சதுர அடைப்புக்குள் திணித்துவிட்டுப் போன வலைத்தளங்களைப் பிற்பாடு திருத்த உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். மூன்றாம் பதிப்பின் கணக்குப்படி 22 நிறக் குடும்பங்கள், குடும்பத்துக்கு வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை 50 முதல் 950 வரை எண்ணிட்ட 11 படிகள், ஆக 242 நிறங்கள், அப்புறம் கறுப்பும் வெள்ளையும். இதற்குள் வேலையை முடி என்றால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பது எது என்பதை யார் அளக்கிறார்கள், எந்தக் கோலால் அளக்கிறார்கள் என்ற கேள்வி ஒரு தைப்பூசக் காவடி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. விழா முடிந்தும் விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலுக்கு வலைத்தளம் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். செயலாளர் ஐயா தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மொரிசியஸில் என்னோடு மூச்சுவிடாமல் தமிழில் பேசுகிற சிலரில் ஒருவர், அவர் கேட்டு எப்படி மறுப்பது? விழா அழைப்புப் பத்திரிகையின் கணினிக் கோப்பை அச்சகத்தில் வாங்கி அனுப்பி, "இதே நிறங்கள் வரட்டும் தம்பி" என்றார். நான்கு நிறங்கள். காவடி எடுப்பவர்கள் இங்கே உடுத்துகிற அந்த அடர்ந்த ரோஜா நிறம், மயில்கழுத்து, குங்குமம், பின்னணி முழுக்கச் சந்தனம்.

ரோஜா நிறத்தில் பிரச்சினையே இல்லை. ஃபூஷியா, பிங்க், ரோஸ் என்று அந்த வட்டாரத்தில் மட்டும் டெயில்விண்டில் மூன்று குடும்பங்கள் உண்டு, பிங்க்-600 ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. குங்குமமும் அப்படித்தான், ரெட்-700 கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மீதி இரண்டும்தான் என்னை உட்கார வைத்தன.

மயில்கழுத்தும் தப்பான கோலும்

நிறங்களுக்கு இடையே தூரம் காண எல்லோரும் முதலில் எழுதுகிற ஸ்கிரிப்ட் ஒன்றுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் வித்தியாசத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்து, கூட்டு, வர்க்கமூலம் எடு. பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான். பத்திரிகையின் மயில்கழுத்து 0, 102, 122. இந்தக் கணக்கில், மூன்றாம் பதிப்பின் எண்களோடு, சியான்-800 அதற்கு 23 தூரத்திலும், டீல்-700 25 தூரத்திலும் வந்தன. 23-க்கும் 25-க்கும் என்ன பெரிய வித்தியாசம், எதைப் போட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். இரண்டையும் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. சியான்-800 மயிலின் கழுத்து. டீல்-700 ஆஸ்பத்திரித் திரைச்சீலை.

கண்ணில் கோளாறு இல்லை, கோலில்தான் கோளாறு. ஆர்ஜிபி எண்கள் திரையில் எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று சொல்வதற்காக வந்தவை, மனிதனுக்கு எது எவ்வளவு வேறாகத் தெரியும் என்று சொல்வதற்காக வந்தவை அல்ல. 1942-லேயே டேவிட் மெக்காடம் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு நிறத்தைச் சுற்றிக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத எல்லையை அன்றைய நிற வரைபடத்தில் வரைந்தால் வட்டம் வருவதில்லை, நீள்வட்டம் வருகிறது. அதுவும் பச்சைப் பக்கம் பெரிதாக, நீலப் பக்கம் சின்னதாக. அதாவது வரைபடத்தில் ஒரு அங்குலம் என்பது எல்லா இடத்திலும் ஒரு அங்குலம் இல்லை. 1976-ல் கண்ணுக்கேற்ப நிறங்களை அளக்கப் பார்த்த சீலேப் (CIELAB) வந்தது, பின்னால் அதன் தூரக் கணக்கில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தது. 2020 டிசம்பரில் ப்யோன் ஒட்டோசன் ஓகேலேப் (Oklab) என்ற புது அளவுமுறையை வெளியிட்டார். கணக்கு எளிது, பத்து வரி நிரல் போதும். அது பிடித்துப்போய் உலாவிகளும், பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ் மொழியும் ஏற்றுக்கொண்டன. டெயில்விண்டே 2025-ல் வந்த நான்காம் பதிப்பில் தன் நிறங்களை எல்லாம் அந்த முறையில் திருப்பி எழுதிக்கொண்டது.

அந்த நான்காம் பதிப்பின் எண்களை வைத்து மயில்கழுத்தை ஓகேலேப்பில் அளந்தால் சியான்-800 தூரம் 0.023, டீல்-700 தூரம் 0.064. இரண்டரை மடங்குக்கு மேல். கண் சொன்னதைக் கணக்கும் சொல்லிவிட்டது. சரி, கோலை மாற்றினால் போதும், எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு சந்தனத்துக்கு வந்தேன்.

பத்திரிகைச் சந்தனம் 224, 201, 160. பழைய கோலில் ஆரஞ்சு-200 தூரம் 35, ஸ்டோன்-300 தூரம் 51. புதிய கோலில் ஆரஞ்சு-200 தூரம் 0.060, ஸ்டோன்-300 தூரம் 0.061. ஒன்று இளஞ்சிவப்பு தட்டுகிற ஆரஞ்சு, மற்றது சாம்பல். கண்ணுக்கேற்ற கோல் என்று பெயர் வாங்கியது, இந்த இரண்டும் சந்தனத்துக்குச் சம தூரம் என்கிறது. அந்த மூன்றாம் தசமத்துக்கும் மரியாதை கிடையாது. அச்சு மையின் சதவீதங்களைத் திரை எண்ணாக மாற்றும்போதே எந்த ப்ரொஃபைல் (மாற்று அட்டவணை) என்பதைப் பொறுத்து அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

மணிக்கட்டில்

இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு பக்கம் செய்து ஒரு சாயங்காலம் கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கூடத்து நீள மேசையில் மடிக்கணினியைத் திறந்து ஆரஞ்சு-200 போட்ட பக்கத்தைக் காட்டினேன். ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது பீச் பழம் தம்பி. சந்தனம் இல்ல."

அடுத்த பக்கம்.

"இது சிமெண்ட்."

இவ்வளவுதான் விமர்சனம். கணக்குப்படி இதற்குமேல் நெருக்கமாக எதுவும் இல்லை ஐயா, இரண்டும் ஒரே தூரம், என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியில் எழுந்து உள்ளே போய், பூஜைக்குக் கரைத்து வைத்திருந்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தார். ஒரு விரலால் எடுத்துத் தன் இடது மணிக்கட்டின் உள்பக்கம் அகலமாகத் தடவி, கையைத் திரைக்கு ஒட்டினாற்போல் மேசையில் வைத்துக்கொண்டார். "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரோடு விழாச் சாப்பாட்டின் ஏழு கறிக்கு யார் யார் காய் நறுக்க வருவார்கள் என்ற பேச்சில் இறங்கிவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடவியபோது அது பத்திரிகையில் இருந்ததைவிட நன்றாகவே கறுத்திருந்தது, ஈரத்தில் மினுமினுப்பு வேறு. மேலே மின்விசிறி. விளிம்புதான் முதலில் காய்ந்தது. நடுவில் இன்னும் ஈரம், ஓரத்தில் வெளுத்த ஒரு கோடு, அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது. தோல் மடிகிற இடத்தில் மெல்லிய வெடிப்பு விட்டது. காய் நறுக்கும் பட்டியல் முடிவதற்குள் முழுக்கக் காய்ந்து, முதலில் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிற அளவுக்கு வெளிறிவிட்டது. என் ஸ்கிரிப்டிடம் கொடுத்திருந்தால் ஈரச் சந்தனமும் காய்ந்த சந்தனமும் இரண்டு வெவ்வேறு நிறங்கள் என்று சத்தியம் செய்திருக்கும். ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்த யாரைக் கேட்டாலும், தடவிய நொடியிலிருந்து காய்ந்த நொடிவரை அது சந்தனம்தான். பீச் ஆன நொடி ஒன்று கிடையாது. சிமெண்ட் ஆன நொடியும் கிடையாது.

எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். தூரம் என்று நாம் ஒரே எண்ணாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி வித்தியாசங்கள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு, எந்தச் சாயல். மணிக்கட்டில் பெரும்பாலும் மாறியது வெளிச்சம், கொஞ்சம் செறிவு. சாயல் அசையவில்லை, அதனால் பெயரும் அசையவில்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிற கணக்குக்கு இது தெரியாது. வெளிச்சத்தில் தவறினாலும் சாயலில் தவறினாலும் அதற்கு ஒரே அபராதம்தான்.

வீட்டுக்கு வந்து இதைச் சரிபார்க்க ஒரு வழி தேடினேன். டெயில்விண்டுக்கெல்லாம் வெகு முன்பிருந்தே, யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் விண்டோ காலத்திலிருந்தே வருகிற பழைய பெயர்ப்பட்டியல் ஒன்று உலாவிகளில் இருக்கிறதே, 140-க்கு மேற்பட்ட நிறங்கள், நாம் யாரும் இப்போது கைவைப்பதே இல்லை, அதில் 'வீட்' என்று ஒன்று உண்டு. கோதுமை நிறம். 245, 222, 179. அதைத் திரை முழுக்கப் போட்டால் யாரும் தயங்காமல் காய்ந்த சந்தனம் என்பார்கள். ஓகேலேப்பில் அதன் சாயல், நிற வட்டத்தில் கோணமாகச் சொன்னால், 83 பாகை, பத்திரிகைச் சந்தனத்தின் சாயல் 82 பாகை. செறிவும் கிட்டத்தட்ட அதேதான். வெளிச்சம் மட்டும் கூட. ஆனால் மொத்தத் தூரம் எவ்வளவு தெரியுமா? 0.064. பீச்சைவிட, சிமெண்டைவிட, அது தள்ளி நிற்கிறதாம்! வெளிச்ச வித்தியாசத்துக்குப் பாதி எடை கொடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். இப்போது வீட் 0.032, ஆரஞ்சு-200 0.035, ஸ்டோன்-300 0.057. வரிசை நேராகிவிட்டது. மயில்கழுத்தும் கெடவில்லை, சியான்-800 இன்னும் நெருங்கி 0.014-க்கு வந்தது.

அந்த இடத்தில் ஏன் ஓட்டை

வரிசை நேரானாலும் வீட் டெயில்விண்டில் இல்லை. எனக்குக் கிடைக்கிற மிக நெருங்கியது இன்னமும் ஆரஞ்சு-200தான், ஐயாவின் பீச். இந்த ஓட்டை தற்செயல் இல்லை. 22 குடும்பங்களில் ஐந்து சாம்பல். ஸ்லேட், கிரே, ஜிங்க், நியூட்ரல், ஸ்டோன். இவற்றில் கொஞ்சமாவது சூடு உள்ளது ஸ்டோன் ஒன்றுதான், அதன் செறிவும் 0.013-ஐத் தாண்டாது. அங்கிருந்து நேராகத் தாவினால் ஆரஞ்சு-200-இன் 0.076, ஆம்பர்-200-இன் 0.12. சந்தனத்தின் செறிவு 0.06. மரம், மண், தோல், சணல், பனையோலை எல்லாம் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன, அங்கே டெயில்விண்டில் ஆளே இல்லை. பழுப்புக்கென்று ஒரு குடும்பமே கிடையாது, ஆரஞ்சின் அடியிலோ ஆம்பரின் அடியிலோ போய்த் துழாவ வேண்டும். கூகுள் 2014-ல் மெட்டீரியல் டிசைன் கொண்டுவந்தபோது அதில் பிரௌன் என்று ஒரு குடும்பம் இருந்தது, அதற்காகவாவது அவர்களைப் பாராட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் இல்லாதது அந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கிறது. ஸ்கை, புளூ, இன்டிகோ, வயலெட், பர்ப்பிள் என்று நீலத்திலிருந்து ஊதாவரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டெயில்விண்டைத் தொடங்கிய ஆடம் வாதன், மாதிரிப் பொத்தான்களுக்கெல்லாம் இன்டிகோ போட்டு வைத்ததற்காக 2025-ல் விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார், செயற்கை நுண்ணறிவு செய்து தள்ளுகிற பக்கங்கள் எல்லாம் ஊதாவாக வருகின்றனவாம். பணம் கட்டுகிற பக்கம், கணக்குப் பார்க்கிற பக்கம், அறிவிப்பு மணி, பிழைக்குச் சிவப்பு, வெற்றிக்குப் பச்சை. இதற்காகச் செய்த பேலட் அது, அதற்கு அருமையான பேலட். கோவிலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நினைக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளவும் முடியாது.

இதே தீவில் சமரேல் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எரிமலைப் பாறை சிதைந்து களிமண்ணாகி, இரும்பும் அலுமினியமும் பிரிந்து நின்று சிவப்பு, பழுப்பு, ஊதா என்று பட்டை பட்டையாகக் கிடக்கிற மேடு அது. சுற்றுலாக்காரர்களின் படங்களில் கண்ணைப் பறிக்கும், நேரில் நின்றால் மட்டு மட்டான, அடங்கிய நிறங்கள். அதன் படம் ஒன்றை எடுத்துப் பட்டைகளை ஒவ்வொன்றாக டெயில்விண்டுக்கு மாற்றிப் பார்த்தேன், சும்மா ஒரு ஆர்வத்தில்தான். மண் இரண்டாகப் பிரிந்து போனது. பாதிப் பட்டைகள் ஸ்டோனில் போய்ச் செத்தன, மீதிப் பாதி ஆரஞ்சில் போய்க் கத்தின. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டு ஒரே நிறத்துக்குள் விழுந்து காணாமலும் போயின. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே மாற்றினால் வருகிற வினை இது. அவற்றுக்குள் இருந்த உறவு போய்விடுகிறது, போனதை எந்தத் தூர எண்ணும் சொல்லாது.

இப்போது நான் செய்திருப்பது

கோவில் தளத்துக்குச் சந்தனம் என்று ஒரு புதுக் குடும்பத்தையே தளத்தின் தோற்ற அமைப்பில் (தீம்) சேர்த்துவிட்டேன். சாயல் 82 பாகையில் ஆணி அடித்தாற்போல், மேலிருந்து கீழே வெளிச்சம் மட்டும் இறங்கும், செறிவு நடுவில் 0.06, இரண்டு முனையிலும் குறையும். பத்திரிகை நிறம் 300-ஆம் படி. காய்ந்தது 100-க்கும் 200-க்கும் இடையில் எங்கோ வரும். ஐயா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பக்கத்தில் இருந்த எழுத்துப் பிழைக்குப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில்தான் பேச்சு ஓயவில்லை. தளத்தின் நிரலை எங்கள் ஃபிரன்ட்எண்ட் லீடிடம், அதாவது திரையில் தெரிகிற பக்க வேலைக்குத் தலைவரிடம், காட்டினேன், போர்ட் லூயிஸ்காரர், நல்ல கண் உள்ளவர். ஆளுக்கொரு குடும்பம் சேர்க்க ஆரம்பித்தால் பேலட் எதற்கு என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு, அதனால்தான் ஒரு திட்டத்துக்கு ஒரு சொந்தக் குடும்பத்துக்கு மேல் கூடாது, அதுவும் எந்த நிறத்துக்கு எது கிடைக்கவில்லை என்று எழுதிவைத்த பிறகுதான் என்று பேசி முடித்தோம். நான் விட்டுக்கொடுக்காதது ஒன்றுதான். பக்கத்து நிறத்தைத் தேடித் தருகிற எந்தக் கருவியும் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும். தூரத்தைச் சொல்லாமல் நிறத்தின் பெயரை மட்டும் நீட்டுகிற கருவி எனக்கு வேண்டாம். என் ஸ்கிரிப்ட் இப்போது பாதி எடைக் கணக்கில் 0.03 தாண்டினால் கையை விரித்துவிடும். மயில்கழுத்துக்குப் பதில் வரும், சந்தனத்துக்கு வராது.

ஆனால் அந்தப் பாதி எடையே ஓரிடத்தில் காலை வாரியது. சந்தனத்தின் மேல் குங்குமத்தில் தலைப்பும் செய்தியும் எழுத வேண்டும். பேலட் சொன்ன ரெட்-700-ஐப் பத்திரிகைச் சந்தனத்தின் மேல் போட்டால் எழுத்துக்கும் பின்னணிக்குமான வெளிச்ச விகிதம் 4.0. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது இணையத்தின் அணுகல் விதி. வேடிக்கை என்னவென்றால் அதே எழுத்து பீச் நிறத்தின் மேல் 4.8 வாங்கித் தேறிவிடுகிறது, ஐயா தள்ளிய நிறம் கண் மங்கியவர்களுக்கு உதவியிருக்கும். எழுத்தை ரெட்-800-க்கு இறக்கினேன், 5.2 வந்தது. குங்குமத்துக்கு அது பக்கத்து நிறம் இல்லை, ஒரு படி தள்ளியது, ஆனாலும் சந்தனத்தின் மேல் வைத்தால் குங்குமமாகவே தெரிகிறது. பின்னணிக்கு வெளிச்சம் போனால் போகட்டும், சாயல் முக்கியம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, எழுத்துக்கு வந்ததும் வெளிச்சம்தான் உயிர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக எடையை ஒரே எண்ணாக நிறுத்தவும் முடியாது. நிறத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பதில் சொல்கிற நிலையில் ஸ்கிரிப்ட் இப்போது இல்லை. இது பின்னணிக்கா, எழுத்துக்கா, எதன் மேல் உட்காரப் போகிறது என்று முதலில் கேட்கிறது. ஒரு நிறம் தேட இத்தனை கேள்வியா என்று லீட் அலுத்துக்கொள்கிறார். பொத்தான் ஓரத்துக்கு நான்காவதாக ஒரு கேள்வி சேர்க்க வேண்டும், அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.